பிறர் விளக்கேற்றும் வீடு

அறம், பொருள், இன்பம், வீடு என்று உறுதிப்பொருள்கள் நான்கினை முன்னோர் வகுத்தனர். நான்காவதாகிய வீடு, பற்றுகள் யாவும் விட்ட பின் உயிர் அடையும் நிலை. செங்கல்லும் மரமும் கொண்டு எழுப்பிய இல்லத்துக்கும் தமிழில் அதே பெயர்தான். ஆனால் இன்றைய இல்லறத்தார் பலருக்கு, வீடு என்றதும் முதலில் நினைவில் எழுவது வங்கியின் மாதத் தவணையே.

காலையில் அலுவலகம், மாலையில் கோயில், இடையில் பிள்ளைகளின் படிப்பு என்று நாள் நகரும் குடும்பங்களில் ஓர் எண்ணம் அடிக்கடி எழுகிறது. ஓய்வு பெறுவதற்குள் இரண்டு மூன்று வீடுகளைச் சேர்த்து வாடகைக்கு விட்டால், முதுமையில் எவர் கையையும் எதிர்பார்க்க வேண்டாம் அல்லவா? எண்ணம் நல்லதே. நேர்வழியில் பொருள் ஈட்டுவது இல்லறத்தானின் கடமைகளுள் ஒன்று. எனினும் வாடகை வீடு வங்கியில் இடும் வைப்புத்தொகையைப் போன்றதன்று. அதனுள் இன்னொரு குடும்பம் வாழ்கிறது. அங்கொரு சிறு மாடத்தில் தங்கள் குலதெய்வத்தின் படத்தை வைத்து விளக்கேற்றுகிறது. அந்த விளக்கும் அணையாமல், வீட்டுக்காரரின் உறக்கமும் கெடாமல் இருக்க வேண்டுமெனில், வீடுகள் ஒவ்வொன்றாகவே சேர வேண்டும்.

முதல் படி மாடியில்

சொந்த வீடும் அதன்மேல் கட்ட இடமும் உள்ளவர்கள் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. மாடியில் எழுப்பும் ஒரு போர்ஷனே அவர்களுக்கு ஏற்ற முதல் வாடகை வீடு. நிலத்துக்கு விலையில்லை, பத்திரச் செலவில்லை, குழாய் ஒழுகினால் பார்க்கப் படி ஏறினால் போதும். அடித்தளம் மேல்தளத்தைத் தாங்குமா என்பதைக் கட்டடப் பொறியாளரிடம் கேட்டறிந்து, உள்ளாட்சி அமைப்பின் அனுமதி பெற்றே பணியைத் தொடங்க வேண்டும். தனி மின் இணைப்பும் வெளிப்புறமாகத் தனிப் படிக்கட்டும் அமைத்துவிட்டால், பின்னாளில் எழக்கூடிய மனத்தாங்கல்களில் பாதி எழாமலே போகும்.

தவணையும் வாடகையும்

மாடி வசதி இல்லாதவர்கள் புதிதாக ஒன்றை வாங்கத்தான் வேண்டும். வாங்குமுன் ஒரு தாளில் கணக்கிட்டுப் பார்ப்பது நலம். எடுத்துக்காட்டாக, 30 லட்சம் ரூபாய் விலையுள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைக் கொள்ளலாம். 24 லட்சத்தை வங்கிக் கடனாகப் பெற்றால், கையிலிருந்து 6 லட்சம் தர வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் எனச் சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் இதனோடு சேரும். 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுத் தவணை, லட்சத்துக்கு ஏறக்குறைய 900 ரூபாய். ஆக, மாதம் 21,600 ரூபாய் கட்ட வேண்டும்.

அந்த வீட்டுக்கு 9,000 ரூபாய் வாடகை கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும், ஆண்டில் ஒரு மாதம் காலியாகக் கிடக்கும். சொத்துவரியும் பழுதுபார்ப்புச் செலவும் ஆண்டுக்கு 14,000 ரூபாயேனும் ஆகும். இவை போக, மாதத்துக்குச் சுமார் 7,000 ரூபாயே மிஞ்சும். எஞ்சிய 14,500 ரூபாயைச் சம்பளம்தான் சுமக்க வேண்டும். வாடகையே கடனை அடைத்துவிடும் என்று தரகர் கூறும் சொல் பெரும்பாலான ஊர்களில் கணக்குக்கு ஒத்துவராது.

ஆகவே, குடியிருப்பவர் இல்லாத ஆறு மாதங்களுக்கும் தவணை கட்டும் அளவு, அதாவது சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய், தனியே இருந்த பின்னரே பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். பிள்ளைகளின் கல்விக்கும் பெற்றோரின் மருத்துவத்துக்கும் ஒதுக்கிய பணம் இந்தக் கணக்கில் சேரக் கூடாது.

வருமான வரியிலும் ஒரு நுட்பம் உண்டு. கிடைத்த வாடகையில் சொத்துவரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கெனக் கழிக்கலாம். கடன் வட்டியையும் கழிக்கலாம். அவ்வாறு கழித்துவரும் நட்டத்தைப் பழைய வரிமுறையில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை சம்பள வருமானத்தில் ஈடுசெய்ய இயலும். புதிய வரிமுறையில் அதற்கு இடமில்லை. வரிச்சலுகையை நம்பி வாங்குவோர் தாம் எந்த முறையில் இருக்கிறோம் என்பதை முதலில் அறிய வேண்டும்.

பத்திரத்தில் தேட வேண்டியவை

மூலப் பத்திரம், பட்டா, குறைந்தது 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி ஆகியவற்றை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிக் கருத்துப் பெறுவது கட்டாயம். புதிய அடுக்குமாடியாயின் கட்டுமானத் திட்டம் ரெரா ஆணையத்தில் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கோயிலுக்குச் செல்லும் குடும்பங்கள் மேலும் ஒன்றைக் கவனிப்பது நன்று. திருக்கோயில்களுக்கு அன்பர்கள் எழுதிவைத்த நிலங்கள் ஊர்தோறும் உள்ளன. 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டப்படி, உரிய ஒப்புதலின்றி அவற்றை விற்றால் அந்த விற்பனை செல்லாது. இருந்தும் அத்தகைய மனைகள் சில கைமாறி விற்பனைக்கு வருவதுண்டு. சிவன் சொத்து குலநாசம் என்னும் பழமொழி அச்சுறுத்துவதற்காக மட்டும் எழுந்ததன்று. அத்தகைய மனையை அறியாமல் வாங்கியவர் தம் வாழ்நாள் சேமிப்பை இழந்து நீதிமன்ற வாசலில் நிற்கிறார். சர்வே எண்ணைக் கொண்டு வருவாய்ப் பதிவேடுகளையும், அறநிலையத் துறை வெளியிட்டுள்ள நில விவரங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நாள் செலவிட்டால் போதும்.

அலுவலகம் செல்வோரின் நேரம்

பணியில் இருப்போர்க்குப் பணத்தைவிட அரிதானது நேரம். வாடகை வீடு தாம் வாழும் இடத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கட்டும். நம்பகமான குழாய்ப் பணியாளர், மின்பணியாளர் இருவரின் எண்களைக் குடியிருப்போரிடம் கொடுத்து, ஒரு குறிப்பிட்ட தொகை வரையிலான பழுதைக் கேளாமலே சரிசெய்து வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்லலாம். வாடகை 5-ஆம் தேதி வந்து, தவணை 10-ஆம் தேதி செல்லுமாறு அமைத்துக்கொண்டால் மாதந்தோறும் பதற்றமில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு நேரில் சென்று பார்த்தல் போதும். அதையும் முன்னதாகத் தெரிவித்துவிட்டே செல்ல வேண்டும்.

ஆடியிலும் மார்கழியிலும் புதுக்குடி புகுவோர் அரிது. ஆனியின் இறுதியில் காலியாகும் வீடு ஆவணி வரை பூட்டியே கிடக்கக்கூடும். ஒப்பந்தம் தையிலோ வைகாசியிலோ முடியுமாறு எழுதிக்கொள்வது இருதரப்புக்கும் நன்மை.

முன்பணம் அடைக்கலப் பொருள்

வீட்டுக்காரர்கள் பலர் தடுமாறும் இடம் இதுவே. பத்து மாத வாடகையை முன்பணமாகப் பெற்று, அதைப் பள்ளிக் கட்டணத்துக்கோ நகைக்கோ செலவிட்டுவிடுகின்றனர். குடியிருப்பவர் காலி செய்யும் நாளில், "அடுத்த குடித்தனம் வந்ததும் தருகிறேன்" என்கின்றனர். அவரோ அந்தப் பணத்தை நம்பியே புதிய வீட்டுக்குச் சொல் கொடுத்திருப்பார். பெட்டிகளைக் கட்டிவைத்துவிட்டு, பிள்ளைகளோடு நடுவழியில் நிற்கும் அந்தக் குடும்பத்தின் மனவேதனைக்கு யார் பொறுப்பு?

தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டம், வாடகை ஒப்பந்தத்தை எழுத்து மூலமாகச் செய்து வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்யக் கோருகிறது. வேறு உடன்பாடு இல்லாதவிடத்து முன்பணம் மூன்று மாத வாடகையை மீறலாகாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய பிடித்தம் போக அதைத் திருப்பித் தர வேண்டும். எத்தகைய பிணக்கு நேர்ந்தாலும் குடிநீரையும் மின்சாரத்தையும் துண்டிக்கக் கூடாது. வீட்டினுள் நுழைய 24 மணி நேரம் முன்னதாக அறிவிக்க வேண்டும். சட்டம் எழுத்தில் கூறும் இவை, அறம் என்றும் கூறிவந்தவையே.

முன்பணம் வருமானமன்று, ஒருவர் நம்பி ஒப்படைத்த அடைக்கலப் பொருள். அதைத் தனி வைப்புத்தொகையாக இட்டு, கைபடாமல் காப்பவரே உண்மையான வீட்டுக்காரர்.

இரண்டாவது வீடு எப்போது?

முதல் வீட்டில் ஒரு குடித்தனம் சென்று இன்னொன்று வந்து, முன்பணமும் குறையாமல் திருப்பித் தரப்பட்டிருக்க வேண்டும். ஆறு மாதச் சேமிப்பு குலையாமல் இருக்க வேண்டும். ஆண்டு ஊக்கத்தொகை முதலியவற்றால் கடனின் ஒரு பகுதி முன்கூட்டியே அடைபட்டிருக்க வேண்டும். இம்மூன்றும் கைகூடிய பின் அடுத்ததை எண்ணலாம். முதல் வீட்டை அடகுவைத்து இரண்டாவதை வாங்குவது, ஒரு தூணை எடுத்து மற்றொரு மண்டபம் கட்டுவது போலாகும். 24 லட்சக் கடனுக்கு 20 ஆண்டுகளில் கட்டும் தொகை சுமார் 52 லட்சம் என்பதை மறவாதவர் அவசரப்பட மாட்டார். பணிக்காலம் முழுவதிலும் கடனின்றி நிற்கும் இரண்டு வீடுகளே அமைந்தாலும் அது நிறைவான ஈட்டமே.

மாலையில் அகல் ஏற்றும்போது, தமக்குரிய இன்னொரு வீட்டிலும் இதே நேரத்தில் யாரோ ஒருவர் அச்சமின்றி விளக்கேற்றுகிறார் என்று எண்ணிப் பார்க்கும் இல்லறத்தார் பேறுடையவர். அந்த வீட்டின் வாடகை முதுமையில் அவருக்குச் சோறிடும். அங்கு வாழ்ந்து சென்றவர்களின் வாழ்த்து அவர் மரபுக்குத் துணைநிற்கும்.