விருந்தின் விலையும் கொடையின் மதிப்பும்



அமெரிக்க நாட்டில் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளிகள் பலவற்றில் ஆண்டுக்கு ஒருமுறை மதிய விருந்து நடைபெறுகிறது. பள்ளிக்கு உதவியவர்களை அழைத்து நன்றி கூறுகிறார்கள். தொழில்துறையில் முன்னேறிய பெண்கள் சிலரைப் பாராட்டுகிறார்கள். மாணவியரும் அவர்களோடு அமர்ந்து உண்கிறார்கள். விருந்துச் சீட்டு விற்ற பணம் ஏழை மாணவியரின் கல்விக் கட்டணத்திற்குப் போகிறது. "விருந்து வைத்தா பள்ளிக்கூடம் நடத்துவது?" என்று நமக்குத் தோன்றலாம். இதன் பின்னணியைச் சற்றுப் பார்ப்போம்.

உர்சுலா சபைக் கன்னியர் 1727ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் நகரில் தொடங்கிய பெண்கள் பள்ளி இன்றும் நடைபெறுகிறது. புனித எலிசபெத் ஆன் சீட்டன் 1810இல் மேரிலாந்து மாநிலத்தின் எம்மிட்ஸ்பர்க்கில் ஏழைச் சிறுமியருக்கு இலவசப் பள்ளி திறந்தார். அன்றிலிருந்து ஒன்றரை நூற்றாண்டு காலம் அந்நாட்டுக் கத்தோலிக்கப் பள்ளிகளைத் தாங்கியவர்கள் அருள்சகோதரிகளே. அவர்கள் பெற்றது பெயரளவிற்கான ஊதியம்தான். 1965இல் அங்கே ஏறக்குறைய 1,80,000 அருள்சகோதரிகள் இருந்தனர். இன்று 40,000க்கும் குறைவு. 1960களில் 52 இலட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை இன்று சுமார் 17 இலட்சம்.

சகோதரிகளின் இடத்தில் பொதுநிலை ஆசிரியர்கள் வந்தார்கள். குடும்பம் உள்ளவர்களுக்கு நியாயமான ஊதியம் தர வேண்டும் என்பது திருச்சபையின் படிப்பினை. நம் தமிழகத்தில் உதவிபெறும் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அரசு ஊதியம் தருகிறது. அமெரிக்காவில் அத்தகைய ஏற்பாடு இல்லை. சில மாநிலங்களில் பெற்றோருக்குக் கட்டண உதவி உண்டு, அவ்வளவே. எனவே கட்டணம் உயர்ந்தது. கட்டணம் உயர்ந்ததும் ஏழைப் பிள்ளைகள் வாசலிலேயே நின்றுவிடும் நிலை வந்தது. முன்பு கன்னியரின் வாழ்வே பள்ளிக்கு நன்கொடையாக இருந்தது. இன்று அந்த இடத்தைப் பிறரின் பணம் நிரப்ப வேண்டியிருக்கிறது. மதிய விருந்து அதற்கான வழிகளில் ஒன்று.

தொழில் செய்யும் பெண்களைப் பாராட்டுவதற்கும் காரணம் இருக்கிறது. கடன் வழங்குவதில் ஆண், பெண் வேறுபாடு கூடாது என்னும் சட்டம் அமெரிக்காவில் 1974இல்தான் வந்தது. தொழிற்கடன் கேட்கும் பெண், ஆண் உறவினர் ஒருவரின் கையொப்பத்தோடு வரவேண்டும் என்ற சில மாநிலங்களின் விதி 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் நீங்கியது. அந்நாட்டின் முதல் 500 பெரிய நிறுவனங்களில் பெண்கள் தலைமை வகிப்பவை 2023இல்தான் பத்து விழுக்காட்டைத் தாண்டின. மேடையில் பாராட்டப்படும் பெண்மணிகளில் மூத்தவர்கள் இத்தடைகளைத் தம் வாழ்நாளிலேயே கண்டவர்கள். எதிரே அமர்ந்திருக்கும் பதினைந்து வயதுச் சிறுமிக்கு அவர்களின் வாழ்வே ஒரு பாடம்.

விவிலியத்திற்கும் இது புதிதல்ல. பிலிப்பி நகரில் பவுலை வரவேற்ற லீதியா, விலையுயர்ந்த செந்நிறத் துணி விற்ற வணிகப் பெண்மணி. யோவன்னா, சூசன்னா முதலிய பெண்கள் தங்கள் உடைமையைக் கொண்டு இயேசுவுக்கும் சீடருக்கும் பணிவிடை செய்ததாக லூக்கா குறிப்பிடுகிறார்.

ஆயினும் அதே லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. விருந்துக்குச் செல்வரை அழைக்காதே, அவர்கள் திரும்ப அழைத்துவிடுவார்கள். கைம்மாறு செய்ய இயலாதவர்களை அழை என்கிறார் ஆண்டவர். இந்த மதிய விருந்துக்கோ வசதியுள்ளவர்களே அழைக்கப்படுகிறார்கள். இது நற்செய்திக்கு முரண் ஆகாதா?

இங்கே அமெரிக்க வருமானவரிச் சட்டத்தின் ஒரு விதி சிந்திக்கத்தக்கது. விருந்துச் சீட்டுக்கு ஒருவர் 150 டாலர் கொடுத்து, அங்கே 50 டாலர் மதிப்புள்ள உணவு உண்டால், அவருடைய கொடை 100 டாலர் மட்டுமே. 75 டாலருக்கு மேல் பெறும் நிறுவனம் இக்கணக்கை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். திரும்பப் பெற்றது கொடை ஆகாது என்பது உலகச் சட்டத்திற்கே தெரிந்திருக்கிறது! ஆனால் சட்டம் சாப்பாட்டை மட்டும் கழிக்கிறது. இயேசு கைதட்டலையும் கழிக்கச் சொல்கிறார். மனிதர் பார்க்க வேண்டுமென்று கொடுப்பவர் தம் கைம்மாறைப் பெற்றாயிற்று என்கிறது மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம். சுவரில் பெயர், மாலை, புகைப்படம் எல்லாவற்றையும் கழித்தபின் மிஞ்சுவது எவ்வளவு?

புனித கேத்தரின் டிரெக்செல் இதற்கு விடை தருகிறார். பெரும் வங்கியாளரின் மகளான அவர் 1891இல் ஒரு துறவற சபையைத் தொடங்கினார். தமக்கு வந்த ஏறக்குறைய இரண்டு கோடி டாலரைப் பூர்வகுடி மக்கள், கறுப்பின மக்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் அமைக்கச் செலவிட்டார். பணத்தோடு தம்மையே கொடுத்தார். 2000ஆம் ஆண்டு திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

ஆகவே விருந்து தவறன்று. நன்றி கூறுவது நம் கடமை. ஆனால் நடத்துவோர் இரண்டில் கவனமாக இருக்க வேண்டும். முதலாவது, மேடையேறும் மாணவியைத் தன் வீட்டு வறுமையைச் சொல்லும்படி கேட்கக் கூடாது. அவள் கற்றதைச் சொல்லட்டும். குடும்பத்தின் கண்ணீர் உதவித்தொகைக்கு விலை ஆகக் கூடாது. இரண்டாவது, நிறுவனத் தலைவியோடு, அரசுப் பள்ளியில் கிடைப்பதைவிடக் குறைந்த ஊதியத்தில் பணியாற்றும் ஆசிரியையும் பாராட்டப்பட வேண்டும். மாதந்தோறும் தம் ஊதியத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கும் அவரும் கொடையாளியே.

ஆலயத்துக்குக் கொடுக்கும் டியூப் லைட்டிலும் பெயர் எழுதிப் பார்க்கும் நமக்கும் இது பொருந்தும். வெளிச்சத்தைப் பெயர் மறைக்காதிருக்கட்டும். சிந்திப்போம்.