பசறைத் தோட்டப் பாதையும் ஒரு பழைய ஜீப்பின் விலையும்

ஐந்து வருடங்களாக மூடிக்கிடந்த வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1ஆம் திகதி மீண்டும் திறக்கப்பட்டபோது, இனி விலை இறங்கும் என்று நாடு முழுவதும் எதிர்பார்த்தார்கள். பசறையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் அந்த எதிர்பார்ப்புக்கு வேறொரு அர்த்தம் இருந்தது. அங்கே யாரும் புதுக் கார் கேட்கவில்லை. லயத்துக்கு ஏறக்கூடிய, கைக்கெட்டும் விலையில் ஒரு பழைய சின்ன ஜீப்தான் கேட்கிறார்கள். இறக்குமதித் திறப்பு அவர்களுக்கு உதவ வழியில்லை என்பது வரிக் கணக்கைப் பார்த்தாலே தெரியும்.

இன்று ஜப்பானில் இருந்து வரும் சுசுகி ஜிம்னியின் பெரிய ரகத்தில் 1,462 சீசீ எஞ்சின். இறக்குமதி திறக்கப்பட்டபோது அறிவிக்கப்பட்ட விகிதத்தில் அந்த அளவு பெற்றோல் எஞ்சினுக்கு ஒரு சீசீக்கு 4,450 ரூபா உற்பத்தி வரி. பெருக்கினால் 65 இலட்சம். இதற்கு மேல் சுங்க வரி, அதன் மேல் மேலதிகக் கட்டணம், எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத வற் வரி. வாகனத்தின் சொந்த விலையை இன்னும் கூட்டவேயில்லை. 660 சீசீ ரகத்துக்கும் உற்பத்தி வரி மட்டும் 16 இலட்சத்துக்குக் குறையாது. பழைய வாகனமாகப் பார்த்து இறக்கலாம் என்றால், மூன்று வருடத்துக்கு மேற்பட்ட காருக்கு அனுமதி இல்லை. மூன்று வருட ஜிம்னி ஜப்பானிலேயே விலை இறங்காத சாமான்.

ஆகவே ஏழை வாங்கக்கூடியது ஏற்கெனவே நாட்டுக்குள் இருக்கும் பழைய வண்டிதான். 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றது; 2022இல் ரூபா சரிந்தது. அந்த இரண்டும் சேர்ந்து, இரும்புக் கடைக்குப் போகவேண்டிய வண்டிகளுக்கும் மதிப்பைக் கூட்டிவிட்டன. ஓடக்கூடிய ஒரு பழைய ஜீப்புக்கு 30 இலட்சம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,550 ரூபாவும் வருகைக்கான 200 ரூபாவும் சேர்த்து 1,750. மாதம் 25 நாள் பேர் விழுந்தாலும், ஒரு ரூபாவும் செலவழிக்காமல் சேர்த்தாலும், ஐந்தரை வருடத்துக்கு மேல் எடுக்கும்.

அந்தப் பணம் பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது என்பது மலையகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விடயம். அம்மாவோ அப்பாவோ ஓய்வுபெறும்போது கையில் கிடைக்கும் ஊழியர் சேமலாப நிதியும் சேவைக்காலக் கொடுப்பனவும். முப்பது, நாற்பது வருடம் மலையேறிக் கொழுந்து பறித்த காசு. போதாததற்குச் சீட்டும் அடகு வைத்த நகையும். மகன் ஓட்டிப் பிழைப்பான் என்ற நம்பிக்கையில் வாங்குகிறார்கள். வண்டி பிழையாகிவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு இரண்டாவது சேமிப்பு கிடையாது. பழைய வாகனம் வாங்குவதைப் பற்றி ஒரு செய்தித்தளத்தில் எழுதவேண்டியிருப்பது இதனால்தான்.

ஏன் ஜீப்? ஓட்டோ போதாதா? பசறை பிரதான வீதியில் இருக்கிறது. பேராதனையில் இருந்து பதுளை வழியாக வந்து, லுணுகலை, பிபிலை, மகாஓயா கடந்து செங்கலடியில் முடியும் ஏ5 வீதி அது. மட்டக்களப்பார் பதுளை வீதி என்று சொல்வது இதையே. மொனராகலைக்கான பாதையும் பசறையில்தான் பிரிகிறது. கஷ்டம் தார் முடியும் இடத்தில் தொடங்குகிறது. கோணக்கலை, எல்டெப், மடுல்சீமை என்று எந்தத் தோட்டத்தை எடுத்தாலும் உள்பாதை வெள்ளைக்காரர் காலத்தில் கொழுந்தை மலையில் இருந்து தொழிற்சாலைக்கு இறக்குவதற்காக வெட்டியது. லயத்தில் இருந்து ஆஸ்பத்திரிக்கு ஆள் போவதற்காக யாரும் அதை வெட்டவில்லை. கல் பதித்த பாதை. கல் பெயர்ந்த இடத்தில் மழைநீர் கிடங்கு பறித்துவிடும். 1990 அம்புலன்ஸ் பல இடங்களில் கீழே சந்தி வரைதான் வரும். மேற்பிரிவில் பிரசவ வலி வந்தால் கொழுந்து லொறி, இல்லையேல் தோள்.

பிரதான வீதியும் உயிர் காப்பதாக இல்லை. 2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையில் இருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறை 13ஆம் கட்டைப் பகுதியில் பள்ளத்தில் விழுந்து குறைந்தது 14 பேர் இறந்தார்கள். சரிந்து விழுந்த பாறை ஒன்று பாதையை ஒடுக்கிக்கொண்டு அகற்றப்படாமல் கிடந்தது அப்போதுதான் நாடு முழுக்கத் தெரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் 600க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மண்சரிவுகளால் பாதைகள் அறுந்தன. அப்படியான நாட்களில் நான்கு சில்லும் இழுக்கும் ஒரு சின்ன வண்டி ஊருக்குள் இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல.

தோட்டப் பாதை யாருடைய பொறுப்பு என்ற கேள்விக்கு நீண்டகாலம் கிடைத்த விடை கைவிரிப்புத்தான். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவிட முடியாது என்றார்கள். 1992க்குப் பின் தோட்டங்களைப் பொறுப்பேற்ற கம்பனிகளோ கொழுந்து லொறி ஓடினால் போதும் என்றிருந்தன. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. 2025 மே மாதத் தேர்தலில் புதிய சபைகளும் வந்துவிட்டன. இப்போது சட்டத்தைக் காரணம் காட்ட இடமில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால், போடப்படாத பாதையின் செலவைத்தான் தொழிலாளி ஜீப் என்ற பெயரில் தன் சேவைக்காலக் காசில் கட்டுகிறார். அரசு அதற்கு மேல் வரியும் போட்டு வாகன விலையை உயரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறது.

பாதை வரும்வரை வாங்கத்தான் போகிறார்கள். அப்படியானால் எதை வாங்குவது?

எங்கள் கருத்தில், பணம் குறைவாக உள்ளவருக்கு 1980களில் வந்த சுசுகி எஸ்ஜே410, எஸ்ஜே413 ரகங்களே பொருத்தம். முன்னது 970 சீசீ, பின்னது 1,324 சீசீ. தனிச் செசி, ஸ்பிரிங் பிளேட், கார்பரேற்றர். கணினிப் பெட்டி கிடையாது. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இருந்தவர்களுக்கு இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. சூப்பியால் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜை ஓட்டிய மெக்கானிக்மார் அந்த எஞ்சின்கள் எளிமையாக இருந்ததால்தான் அதைச் செய்தார்கள். பசறையில் உள்ள கராஜ்காரருக்கும் அதே எளிமைதான் தேவை. இதே வண்டியின் இந்திய வடிவமான மாருதி ஜிப்சி கிடைத்தால் இன்னும் நல்லது. அது நீளம் கூடியது. நோயாளியைப் பின்னால் சாய்த்துப் படுக்கவைக்கலாம்.

1998க்குப் பின் வந்த 660 சீசீ ரேர்போ ஜிம்னி ஓட்டச் சொகுசு. ஆனால் ரேர்போ போனாலோ, முன் சில்லைப் பூட்டும் காற்றுக்குழாய் அமைப்பு பழுதானாலோ செலவு கையைக் கடிக்கும். ஒரு வேகத்தில் ஸ்ரியரிங் உதறத் தொடங்கினால் முன் அச்சின் பெயாரிங்கும் புஷ்ஷும் தேய்ந்துவிட்டன என்று பொருள். குறைந்த பணத்தில் வாங்கி, பழுதுக்கும் பணம் இல்லாத குடும்பம் இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

பழைய ரகத்திலும் எஞ்சினை விடச் செசியைத்தான் முதலில் பார்க்கவேண்டும். எஞ்சினை மாற்றலாம், கறள் தின்ற செசியை மாற்றினால் அது வேறு வண்டி. கரையோர ஊர்களில் ஓடிய வண்டி என்றால் இரட்டைக் கவனம் வேண்டும். கீழே படுத்து, பின் ஸ்பிரிங் பிளேட் தொங்கும் இடத்தையும் பொடி செசியில் உட்காரும் இடங்களையும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். மந்தமான சத்தம் வந்தால் உள்ளே கறள், அல்லது பூசி மறைத்த பட்டி. புதிதாகக் கறுப்புப் பெயின்ற் அடித்த செசியை நம்பவேண்டாம். கால் வைக்கும் தரையின் விரிப்பையும் கிளப்பிப் பார்க்கவேண்டும்.

அடுத்தது, நான்கு சில்லும் உண்மையில் இழுக்கிறதா என்பது. எண்ணெய் மிச்சம் பிடிக்க முன் புரொப்பலர் ஷாஃப்டையே கழற்றிவிட்டு ஓட்டும் வண்டிகள் உண்டு. லீவர் மட்டும் உள்ளே இருக்கும். சில வண்டிகளில் முன் சில்லின் ஹப்பைக் கையால் திருப்பிப் பூட்டினால்தான் இழுக்கும். கல் பாதையில் லோ கியர் போட்டு மெதுவாக ஏற்றிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். காய்ந்த தார் வீதியில் இதைப் பரிசோதிக்கவேண்டாம். நடு டிஃபரென்ஷியல் இல்லாத வண்டி, வளைவில் இறுகிக் கியர்ப்பெட்டியைச் சேதப்படுத்தும். முன் அச்சின் உருண்டையில் எண்ணெய் வழிந்திருந்தால் சீல் போயிருக்கிறது. அதைப் பேரத்துக்குப் பயன்படுத்தலாம்.

இந்த வண்டி ஒடுக்கம், உயரம். 1988இல் அமெரிக்க நுகர்வோர் அமைப்பொன்று, இதே குடும்பத்துச் சமுராய் ஜீப் திடீர்த் திருப்பத்தில் கவிழக்கூடியது என்று சொல்லி ஏற்க முடியாதது எனத் தரப்படுத்தியது. சுசுகி வழக்குப் போட்டு, 2004இல்தான் அது இணக்கத்தில் முடிந்தது. யார் சரி என்பது இருக்கட்டும். கூரைமேல் சாமான் கட்டி, பின்னால் எட்டுப் பேரை ஏற்றி, பசறை வளைவுகளில் விரட்டுவதற்கான வண்டி இதுவல்ல. உயர்த்திக் கட்டிய ஸ்பிரிங்கும் பெரிய ரயரும் பார்க்க அழகு. கவிழும் வாய்ப்பையும் அவை கூட்டும்.

பத்திரங்களில்தான் பலர் சறுக்குகிறார்கள். முப்பது வருட வண்டியில் எஞ்சின் ஒருமுறையாவது மாறியிருக்கும். பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் வண்டியில் உள்ளதோடு ஒத்துவராவிட்டால், விற்பவர் அதைத் திருத்தித் தரும்வரை முற்பணமும் கொடுக்கக்கூடாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் வாகன இலக்கத்தைக் கொடுத்து, நிதி நிறுவனம் ஏதும் உரிமையாளராகப் பதியப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். ஓப்பின் பேப்பரில் கைமாறிக் கைமாறி வந்த வண்டி மலிவாகத்தான் இருக்கும். பதிவில் உள்ளவரைப் பிறகு தேடிப் பிடிப்பது வாங்கியவர் பாடு. 2009க்குப் பின் வடக்கில் லீசிங் கம்பனிகள் வரிசையாக வந்து இறங்கிய காலத்தையும், தவணை தவறியதும் முற்றத்தில் நின்ற வாகனங்கள் இழுத்துச் செல்லப்பட்டதையும் நம் வாசகர்கள் கண்டவர்கள். மலையகத்தில் அதே கதை இப்போது நகை அடகிலும் வட்டிக் கடனிலும் நடக்கிறது.

காப்புறுதியும் உண்டு. தனியார் பாவனைக்கென்று எடுத்த காப்புறுதியோடு வாடகைக்கு ஆள் ஏற்றினால், விபத்தின்போது நிறுவனம் கைவிரிக்க இடமிருக்கிறது. மகன் ஹயர் ஓடத்தான் வாங்குகிறோம் என்றால் அதைச் சொல்லியே காப்புறுதி எடுக்கவேண்டும். தவணை கூடும். கூடும் தொகையையும் வருடத்துக்கொருமுறை ரயர், பிரேக், கிளச் செலவையும் வாங்கும் விலையில் சேர்த்தே கணக்குப் போடவேண்டும். கையில் உள்ளதில் ஐந்தில் ஒரு பங்கையாவது பழுதுக்கென்று ஒதுக்கிவிட்டு மீதிக்கு வண்டி தேடுவது பாதுகாப்பு.

பணம் எண்ணிக் கொடுப்பதற்கு முன், விற்பவர் காட்டும் சமதரையில் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்படவேண்டாம். வண்டி எந்த லயத்துக்கு ஏறப்போகிறதோ அந்தப் பாதைக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். நாலு பேரை ஏற்றி, மழை பெய்த மறுநாள், ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா, மறுபடி எடுக்கும்போது கிளச் கருகும் வாசம் வருகிறதா என்று பாருங்கள். அதற்கு மறுக்கிற விற்பவரிடம் வாங்க ஒன்றுமில்லை.