பராக்கு

முன்னாளில் பாவசங்கீர்த்தனத்தில் முதியோர் தவறாது அறிக்கையிட்ட குற்றம் ஒன்று உண்டு: "செபத்தில் பராக்குக்கு இடங்கொடுத்தேன், சாமி." இன்று அச்சொல்லைக் கேட்பது அரிதாகிவிட்டது. பராக்கு ஒழிந்துவிட்டதால் அன்று. அதுவே நம் இயல்பு நிலையாகிவிட்டதால். மூச்சு விடுவதை யார் பாவமென்று அறிக்கையிடுவார்?

இச்சொல்லுக்குத் தமிழில் இரு முகங்கள் உள்ளன. கவனமின்மையைப் பராக்கு என்கிறோம். அரசன் எழுந்தருளும்போது கட்டியக்காரன் கூவியதும் "பராக்! பராக்!" என்றுதான். அங்கே அதன் பொருள் 'கவனம்' என்பது. முரண்போலத் தோன்றினும் இரண்டும் ஓர் உண்மையையே உணர்த்துகின்றன. ஒருவர் பக்கம் முகம் திரும்பினால் மற்றவருக்கு முதுகு காட்டியே ஆகவேண்டும். எவருடைய அழைப்புக்கு நாம் உடனே திரும்புகிறோமோ அவரே நம் அரசர். ஆகவே, பராக்கை ஏதோ நல்லொழுக்கக் குறைபாடாக மட்டும் கருத என்னால் இயலவில்லை. அது முதற் கட்டளையைச் சார்ந்தது.

"கைப்பேசி வெறும் கருவிதானே, ஃபாதர்? கத்தியைப் போல, நன்மையும் தீமையும் பிடிப்பவர் கையில்தானே இருக்கிறது?" என்று படித்த இளைஞர் கேட்கின்றனர். கேட்பதற்கு இனிய வாதம். ஆனால், கத்தி அடுக்களையில் கிடந்தபடியே நள்ளிரவில் என்னை அழைப்பதில்லை. நான் எதைக் கண்டு மயங்குவேன் என்று கணக்கெழுதி வைப்பதுமில்லை. விரலால் தள்ளத் தள்ள முடிவின்றி நீளும் பக்கத்தை 2006ஆம் ஆண்டு வடிவமைத்த அசா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். முகநூல் நிறுவனத்தின் முதல் தலைவராயிருந்த ஷான் பார்க்கர், மனித உள்ளத்தின் பலவீனத்தை அறிந்தே பயன்படுத்திக்கொண்டோம் என்று 2017இல் ஒப்புக்கொண்டார். செய்தவரே ஒப்புக்கொண்ட பின்னும் வாங்கியவர் நாம் வாதாடுவானேன்?

"பராக்கு புதிதா? புனிதர்களுக்கும் இருந்ததே" என்பர் வேறு சிலர். உண்மை. பல்லி ஈயைப் பிடிப்பதைக் கண்டு தம் மனம் சிதறியதைப் புனித அகுஸ்தினார் தம் 'ஒப்புதல்கள்' நூலின் பத்தாம் புத்தகத்தில் மறைக்காமல் எழுதியுள்ளார். ஆனால், அந்தப் பல்லி அகுஸ்தினாரைப் படித்து வைத்துக்கொண்டு ஈயைப் பிடிக்கவில்லை. அது தன் பசிக்கு இரை தேடியது. இன்றோ, நம் கவனமே இரை.

மார்த்தாவை நினைவுகூர்வோம். லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் அவரது பரபரப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு, 'சுற்றிலும் இழுக்கப்படுதல்' என்பதே நேர்ப்பொருள். பானை ஒருபுறம், விருந்தினர் ஒருபுறம் என அவர் இழுபட்டார். அவரையாவது இழுத்தது ஆண்டவருக்கு ஆற்றிய பணிவிடை. நம்மை இழுப்பது எது?

மற்றவரைச் சாடுமுன் என்னைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முதியவருக்கு நோயில்பூசுதல் வழங்கச் சென்றேன். செபங்கள் முடிந்தன. அவர் என் கையைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். அந்நேரம் என் அங்கிப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். யாரோ அனுப்பிய வேடிக்கைப் படம். நிமிர்ந்தபோது அவர் கையை எடுத்துக்கொண்டிருந்தார். "என்ன சொல்ல வந்தீங்க, ஐயா?" என்றேன். "ஒண்ணுமில்ல, சாமி. உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்" என்றார். மறுநாள் விடியுமுன் இறந்துபோனார். அவர் சொல்ல வந்தது என்னவென்று இன்றுவரை நான் அறியேன். கண்ணெதிரே நின்று பேசும் சகோதரருக்குச் செவி கொடாதவன், கண்ணுக்குப் புலப்படாத கடவுளுக்கு எப்படிச் செவி கொடுப்பான்?

திரு அவையினராகிய நாமும் இதில் குற்றமற்றவர் அல்லர். முதல் நற்கருணை நாளில் பெற்றோரின் கைகள் குவிவதில்லை, கைப்பேசியோடு உயர்கின்றன. திருமணத்தில் பீடத்திற்கும் மணமக்களுக்கும் நடுவே படக்கருவிகள் நிற்கின்றன. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2017 நவம்பர் 8 அன்று பொது மறைக்கல்வி உரையில் இதைக் கண்டித்தார். திருப்பலியில் அருள்பணியாளர் எழுப்பச் சொல்வது இதயங்களையே அன்றிக் கைப்பேசிகளை அன்று என்றார். ஆயர்களும் குருக்களும் இதில் அடங்குவர் என்று மனவருத்தத்துடன் குறிப்பிட்டார். நாம் கேட்டோமா?

நோயுற்றுப் படுக்கையிலிருப்போர் இல்லத்திலிருந்தே ஒளிபரப்பில் திருப்பலி காண்பதை நான் பழிக்கவில்லை. 2020இல் ஆலயக் கதவுகள் அடைக்கப்பட்டபோது அது எத்தனையோ உள்ளங்களுக்கு ஆறுதலாயிற்று. நடக்க வலிமையுள்ளோர் அதைச் சாக்காக்குவதையே கண்டிக்கிறேன்.

இனி என்ன செய்வது? தனியொருவர் மனவுறுதி மட்டும் போதாது. நம் முன்னோர் அதை நன்கறிந்திருந்தனர். அதனால்தான் காலை, நண்பகல், மாலை என மூவேளையும் கோவில் மணி ஒலித்தது. வயலில் இருந்தவர் மண்வெட்டியை நிறுத்தினார். அடுப்படியில் இருந்தவர் கரண்டியை வைத்தார். ஊரே ஒன்றாய் நின்றதால் ஒருவர் நிற்பது எளிதாயிற்று. அந்த மணி இன்றும் பல பங்குகளில் ஒலிக்கிறது. நிற்பவர்தாம் இல்லை.

ஆகவே, நாமும் சேர்ந்தே நிற்போம். மாலைச் செபமாலை நேரத்தில் வீட்டிலுள்ள கைப்பேசிகள் அனைத்தும், தந்தையுடையது முதலாவதாக, அணைத்து வைக்கப்படட்டும். பிள்ளைகளிடம் கேட்டுப் பெறுமுன் பெற்றோர் கொடுத்துக் காட்டட்டும். ஆலயத்திற்கு அதைக் கொண்டுவராமலேயே வருவோம். என் பங்கிற்கு, நோயாளர் இல்லங்களுக்கு இப்போது கைப்பேசியின்றியே செல்கிறேன். திருப்புகழ்மாலையையும் மீண்டும் நூலிலிருந்தே செபிக்கிறேன். அவசரமாகத் தேடுவோர் சற்றுக் காத்திருக்கட்டும். அந்தப் பெரியவர் காத்திருக்கவில்லையா?

கதவை அடைத்துக்கொண்டு, மறைவாயுள்ள தந்தையிடம் மன்றாடச் சொன்னார் ஆண்டவர். கதவை அடைத்துவிட்டு ஊர் முழுவதையும் உள்ளங்கையில் ஏந்தி உட்கார்ந்திருப்போமாயின், நாம் அடைத்தது யாரை வெளியே நிறுத்தி?