தோட்டாப் பஞ்சமா, பீதி வியாபாரமா?

அரிசிப் பஞ்சம் நமக்குத் தெரியும். தண்ணீர்ப் பஞ்சம் தெரியும். தோட்டாப் பஞ்சம் என்று ஒன்று உண்டா? உண்டு. பணக்கார நாடு என்று மார்தட்டும் அமெரிக்காவிலே உண்டு. அது எப்படி உண்டாகிறது என்பதை மல்லசமுத்திரத்து விவசாயியும் தறித் தொழிலாளியும் தெரிந்துகொள்வது அவசியம். ஏனெனில், "அமெரிக்காக்காரனைப் போல வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்தால் எவன் வாலாட்டுவான்?" என்று பேசுவோர் இங்கேயும் இருக்கிறார்கள்.

2012 டிசம்பர் 14-ம் தேதி, கனெக்டிகட் மாநிலத்தில் சாண்டி ஹூக் ஆரம்பப் பள்ளியிலே ஒருவன் புகுந்து 20 பிஞ்சுக் குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் சுட்டுக் கொன்றான். உலகம் கண்ணீர் விட்டது. துப்பாக்கிக் கடைகளிலோ கூட்டம் அலைமோதியது! "சர்க்கார் சட்டம் போடப் போகிறது, இன்றே வாங்கிவிடு" என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. தோட்டாப் பெட்டிகள் பறந்தன. கடைத் தட்டுகள் காலியாயின. வால்மார்ட் கம்பெனி, ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று பெட்டிதான் என்று ரேஷன் வைத்தது.

"சர்க்காரே 160 கோடித் தோட்டாக்களை வாங்கிப் பதுக்குகிறது" என்று அடுத்த வதந்தி கிளம்பியது. 2014-ல் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் கணக்கைப் புரட்டியது. உள்நாட்டுப் பாதுகாப்பு இலாகா வாங்கிய தோட்டா 2009-க்குப் பின் குறைந்திருந்தது! சரி, எந்தச் சட்டத்துக்குப் பயந்தார்களோ அதுவாவது வந்ததா? துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை விசாரிக்கும் ஏற்பாட்டை விரிவாக்கும் சாதாரண யோசனைகூட, 2013 ஏப்ரல் 17-ல் செனட் சபையிலே 60 ஓட்டுக் கிடைக்காமல் தோற்றது. சட்டம் வரவில்லை. லாபம் வந்தது!

இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. 2016 நவம்பரில், நோட்டுச் செல்லாது என்று அறிவித்த சில நாட்களிலேயே, உப்புத் தட்டுப்பாடு என்று டில்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் வதந்தி கிளம்பியது. ஜனங்கள் மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். தூத்துக்குடியிலே கடல் வற்றிவிட்டதா? இல்லை. எல்லோரும் ஒரே நாளில் வாங்கினால் எந்தச் சரக்கும் தட்டுப்படும். காலியான கடையைக் கண்டதும் வேண்டாதவனும் வாங்குவான். பீதி தட்டுப்பாட்டைப் பெறுகிறது. தட்டுப்பாடு மேலும் பீதியைப் பெறுகிறது. பையை நிரப்புகிறவன் வியாபாரி.

பீதி ஓய்ந்தால் என்ன ஆகும்? அதற்கும் சாட்சி உண்டு. 2016-ல் துப்பாக்கிக்காரர்களின் நண்பரான டிரம்ப் ஜெயித்தார். சட்டம் வரும் என்ற பயம் போயிற்று, விற்பனையும் படுத்தது. ஏற்கெனவே கடனில் மூழ்கியிருந்த, 1816-ல் தொடங்கிய ரெமிங்டன் கம்பெனி 2018 மார்ச்சில் திவால் மனுப் போட்டது.

பிறகு 2020-ல் கொரோனா வந்தது. ஏப்ரலிலே, வேலை செய்யத் தயாராக இருந்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் வேலையில்லாமல் நின்றார்கள். அந்த ஆண்டில் துப்பாக்கிக்கான பின்னணி விசாரணைகள் 3 கோடியே 97 லட்சத்தை எட்டின. 2021 ஏப்ரலில் முடிந்த கணக்காண்டில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியின் விற்பனை 100 கோடி டாலரைத் தாண்டியது! வாங்கிய ஏழையை நாம் குறைகூறவில்லை. அவன் பயம் நிஜம். நோய்க்கு வைத்தியமும் கைக்கு வேலையும் தேடியவனிடம் தோட்டாவை விற்றார்களே, அவர்களைத்தான் கேட்கிறோம்: இதுவா பாதுகாப்பு?

பாதுகாப்பின் லட்சணத்தைப் பாருங்கள். 2021-ல் அங்கே துப்பாக்கியால் மாண்டவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல், 26,328 பேர், தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். திருடனைச் சுட வாங்கியது வீட்டாரையே தின்றது. நம் கிராமங்களிலே பூச்சிமருந்து டப்பா கைக்கெட்டும் இடத்தில் இருந்ததால், ஒரு நிமிஷ ஆத்திரத்திலே போன உயிர்கள் எத்தனை! துப்பாக்கி அந்த ஒரு நிமிஷத்தைக்கூடத் தராது.

"வெள்ளைக்காரன் 1878-ல் ஆயுதச் சட்டம் போட்டு நம்மை நிராயுதபாணியாக்கினான், அதே சட்டம் இன்னும் எதற்கு?" என்பார்கள். வெள்ளையனுக்கு ஒரு நீதி, இந்தியனுக்கு ஒரு நீதி என்ற அந்தச் சட்டம் அநீதிதான். அது ஒழிந்து 1959-ல் நம் சட்டம் வந்தது. லைசென்ஸ் வேண்டும், தோட்டாவுக்கும் கணக்கு வேண்டும் என்கிறது அது. 2019-ல் ஆளுக்கு மூன்று துப்பாக்கி என்ற வரம்பும் இரண்டாகக் குறைந்தது. கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் துப்பாக்கி யார் வீட்டுக்குப் போகும்? பருத்தியை ஏலத்துக்குக் கொண்டுவந்து விலைக்காகக் காத்து நிற்பவன் வீட்டுக்கா? பணமுள்ளவன் வீட்டுக்கே போகும். 1968 டிசம்பர் 25-ல் கீழவெண்மணியிலே 44 உயிர்களை எரித்த கூட்டம் துப்பாக்கியோடு வந்தது. கூலி கேட்டவர் கையில் துப்பாக்கி இல்லை.

ஆகவே, ஆயுதச் சட்டத்தைத் தளர்த்தும் பேச்சு எங்கே எழுந்தாலும் நாம் எதிர்க்க வேண்டும். உப்பானாலும் உரமானாலும் தோட்டாவானாலும், "நாளைக்குக் கிடைக்காது" என்று எவன் சொன்னாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதனால் யாருக்கு லாபம்? அந்தக் கேள்வி பரவினால் பீதி வியாபாரிக்குச் சரக்கு விலைபோகாது.