கிட்டப்பார்வையும் குறுநோக்கும்

ஆங்கில நாளிதழ்களின் ஆசிரியவுரைகளில், அரசின் திட்டத்தையோ ஒரு கட்சியின் போக்கையோ பழிக்குமிடத்து ‘மயோபிக்’ என்னும் பெயரடை தலைகாட்டும். அதனை அவ்வாறே தமிழெழுத்திற் பெயர்த்தெழுதிப் பெருமைகொள்ளும் தமிழரும் உளர். அச்சொல் யாதென ஆராய்ந்தார் அவருட் சிலரே.

அது பிறப்பால் ஆங்கிலச் சொல்லன்று, கிரேக்கம். ‘மூடு’ என்னும் பொருளுள்ள வினையும் ‘கண்’ என்னும் பொருளுள்ள பெயரும் இணைந்தது. தொலைவிலுள்ளது தெளியாதவன் இமைகளை இடுக்கிப் பார்ப்பானன்றோ? அவ்விடுக்கலே பெயராயிற்று. பேதுருவின் இரண்டாம் மடலின் முதற்பகுதியில் இச்சொல்லின் வினைவடிவம் வருகின்றது. ஆங்கு அது சுட்டுவது அகக்கண்ணின் குறையை. 1611இல் விவிலியத்தைப் பெயர்த்த ஆங்கிலர் அக் கிரேக்கச் சொல்லைக் கடன்கொள்ளவில்லை. தொலைவிற் காணமாட்டாதவன் எனத் தம் எளிய சொற்களாலேயே பெயர்த்தனர். ‘குறும்பார்வையுள்ள’ எனப் பொருள்படும் தம் மொழிக் கூட்டுச்சொல்லும் அந்நூற்றாண்டிலேயே அவர்க்கு வழக்கிலிருந்தது. ‘மயோபிக்’ நுழைந்ததோ 1800ஐ ஒட்டித்தான். ஆங்கிலர்க்கே மிகையானதொன்று தமிழர்க்கு இன்றியமையாததாயிற்றாம்!

தொலைப்பொருளின் ஒளி விழித்திரையை எட்டுமுன்னரே குவிந்துவிடுதலே இக்குறை. பெரும்பாலும் விழி நீண்டிருத்தலே கரணியம். குழிவில்லை அக்குவியத்தைத் திரைமேற் சேர்க்கும். இதற்குத் தமிழர் இட்ட ‘கிட்டப்பார்வை’ என்னும் பெயர் நல்ல பெயரே. குறைந்ததைச் சொல்லாது எஞ்சியதைச் சொல்கின்றது. ஆனால் பள்ளிக் கண்ணாய்வுச் சீட்டுகளில் ‘கிட்டப்பார்வைக் குறை’ என எழுதும்போது இடர் நேர்கின்றது. கிட்டப்பார்வையாகிய குறை என இருபெயரொட்டாகக் கொண்டால் பொருள் நேர். கிட்டப்பார்வையிற் குறை என வேற்றுமைத்தொகையாகக் கொண்டால் பொருள் தலைகீழ். பிள்ளைக்குப் புத்தகம் நன்கு தெரிகிறதே எனச் சீட்டை மடித்துவைக்கும் தாயை எவ்வாறு குறைகூறுவது? கரும்பலகை தெரியாமல் அப்பிள்ளை ஓராண்டு பின்வரிசையில் அமர்ந்திருக்கும். ‘குறை’யை விலக்கிக் ‘கிட்டப்பார்வை’ என்றே எழுதி, ‘தொலைவிலுள்ளது தெளியாது’ என அருகே ஒரு வரி சேர்த்தால் போதும். இதன் மறுதலையைத் ‘தூரப்பார்வை’ என வடசொல் கலந்து வழங்குவதும் வேண்டாதது. ‘கிட்ட’ என்பதற்கு எதிராக ‘எட்ட’ இருக்கின்றது.

அகவையால் வருவது வேறு. அதற்கு ‘வெள்ளெழுத்து’ என்று முன்னோர் பெயரிட்டனர்; எழுத்து வெளிறித் தோன்றுவதைக் கண்டே சொன்ன சொல். அதனையுங் கைவிட்டுச் ‘சாளேசுரம்’ என்றனர் சிலர். ஏதோ ஈசுவரன் பெயர்போல் ஒலிக்கும் அது, நாற்பது என்னும் வடபுல எண்ணுப்பெயரின் திரிபு!

இனி, அரசியற்பழிப்பிற்குக் ‘கிட்டப்பார்வைக் கொள்கை’ என எழுதுதலுந் தகாது. கிட்டப்பார்வை உடற்குறை, கண்ணாடியால் நேராவது. வருவதை எண்ணாமை மனக்குறை. கண்ணாடியணிந்த பிள்ளையின் குறையை ஆள்வோரின் மடமைக்கு உவமையாக்குவானேன்? தமிழில் பார்வை வேறு, நோக்கு வேறு, நோக்கிற் கருத்துண்டு. ஆதலின் ‘குறுநோக்கு’ என்பதே பொருந்தும். எதிர்ச்சொல் ‘தொலைநோக்கு’. அதனோடு ‘பார்வை’யையும் ஒட்டித் ‘தொலைநோக்குப் பார்வை’ என மேடைதோறும் முழங்குவோர், நோக்குக்குள் பார்வை முன்னரே அடங்கியிருப்பதை நோக்குவாராக.