தீவைச் சுற்றும் விதம்

விடுமுறை நெருங்கிவிட்டால் நம்மவர்களுக்குத் தீவுப் பித்துப் பிடித்துவிடுகிறது. மாலத்தீவு என்கிறார்கள், பாலித்தீவு என்கிறார்கள், வாயில் நுழையாத இன்னும் எத்தனையோ பெயர்களைச் சொல்லுகிறார்கள். அவர்களை நாம் குறை கூற வரவில்லை. கையில் காசும் காலில் வலுவும் உள்ளவர்கள் உலகம் முழுவதையும் தாராளமாகச் சுற்றிப் பார்க்கட்டும். ஆனால், தமிழ்நாட்டிலேயே, ரயிலேறிப் போகக்கூடிய தூரத்தில் ஒரு தீவு இருக்கிறதே, அதைப் பார்த்ததுண்டா என்று கேட்டால், "ராமேசுவரந்தானே! தீர்த்தமாடிவிட்டு அன்று மாலையே திரும்பிவிட்டோமே!" என்று விடை வருகிறது. ராமேசுவரம் போய் வந்தவர்களுக்குக் கணக்கில்லை. ஆயினும் அது ஒரு தீவு என்பதைக் கண்டுகொண்டு திரும்பியவர்கள் எத்தனை பேர் என்பது நமக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

நாம் இருப்பதோ சித்தேரி மலையில். சாமைக்கும் பலாவுக்கும் புளிக்கும் பெயர்போன இம்மலைக் குழந்தைகளுக்குக் கடல் என்பது தேசப்படத்தில் நீலவர்ணம் தீட்டிய ஒரு பகுதி, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் உல்லாசப் பிரயாணப் பேச்சு எழும்போதெல்லாம் பெற்றோர்கள் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "கடலைப் பார்த்து என்ன சார் ஆகப்போகுது? அந்தப் பணத்துக்கு ஒரு மூட்டை அரிசி வாங்கிப் போடலாமே!" இதைப் பாமரக் கேள்வி என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். ஒரு மூட்டை அரிசி என்பது ஒரு குடும்பத்தின் ஒரு மாதக் கவலையைத் தீர்க்கும் பொருள். அதற்கு ஈடானதைக் குழந்தை கொண்டுவருமானால் பிரயாணம் தகும்; பொம்மைச் சங்கும் புகைப்படமும் மட்டுமே வருமானால் அரிசியே மேல். ஆகையால், தீவைப் பார்க்கலாமா என்பதைவிட எவ்விதம் பார்ப்பது என்பதே முக்கியமான விஷயம்.

நம் மலைநாட்டுக்கும் அத்தீவுக்கும் உறவு பழையது. அரூருக்கு அருகிலுள்ள தீர்த்தமலையில், ராமபிரான் பூஜைக்கு வேண்டிய தீர்த்தத்தை அம்பெய்து வரவழைத்தார் என்பது ஸ்தலபுராணம். அங்கே பாறையிலிருந்து வழியும் நீரில் தலை நனைத்தவர்களுக்கு ராமேசுவரம் அந்நிய ஊராகத் தோன்ற நியாயமில்லை. சித்தேரியிலிருந்து பஸ்ஸில் அரூருக்கு இறங்கி, சேலம் வழியாக மதுரை சேர்ந்து, அங்கே ராமேசுவரம் ரயிலைப் பிடித்துவிட்டால், சுமார் 160 கிலோமீட்டரில் தீவு வந்துவிடும். மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் என்று ஊர்கள் கழியக் கழிய மரங்கள் குறைந்து, பனையும் சீமைக் கருவேலும் மிஞ்சும். மண்டபம் தாண்டியதும் நிலம் முடிந்து, வண்டி கடலின்மேல் போகத் தொடங்கும். அப்போது ஜன்னலோரத்தைக் குழந்தைகளுக்கு விட்டுக்கொடுப்பது பெரியவர்களின் கடமை.

ராமேசுவரத்தில் ரயிலை விட்டு இறங்கியவுடன் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டு, "பத்து இடம், மூன்று மணி நேரம்!" என்று ஏலம் கூறுவார்கள். அவர்கள்மேல் நமக்குக் கோபமில்லை. அது அவர்களுடைய பிழைப்பு. நடக்க இயலாத வயோதிகர்களுக்கு அவர்களைவிட்டால் வேறு கதியுமில்லை. ஆனால் நல்ல கால்கள் உள்ளவர்கள் பத்து இடத்தை மூன்று மணியில் பார்ப்பது, கல்யாண வீட்டு வாசலில் தலையைக் காட்டிவிட்டுப் பந்தியில் உட்காராமல் திரும்புவதற்குச் சமானம். நாம் சிபாரிசு செய்வது மூன்று நாள். காலுக்கு ஒரு நாள், பஸ்ஸுக்கு ஒரு நாள், பாலத்துக்கு ஒரு நாள்.

முதல் நாள் ஊருக்குள் நடக்க வேண்டும். கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள் இருக்கின்றன. வாளியால் இறைத்துத் தலையில் கொட்டுவார்கள். புண்ணியம் சேருவது ஒருபுறமிருக்க, குழந்தைகளிடம் ஒரு கேள்வி போட வேண்டிய இடம் இது. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது இந்தக் கிணறுகளின் நீர் கடல்நீராகவே ஏன் இல்லை? மழைநீர் மணலுக்குள் இறங்குகிறது. உப்புநீரைவிட நன்னீர் இலேசானது. ஆகையால் அது அடியிலுள்ள கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. அளவோடு இறைக்கும்வரையில் இனிப்பு. பேராசைப்பட்டு ஆழத் தோண்டினால் உப்பு. தீவில் குடியிருப்பவர்களின் வாழ்க்கை இரகசியம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

பிறகு வெளிப் பிராகாரத்தைச் சுற்ற வேண்டும். 1212 தூண்கள் என்று கணக்குச் சொல்லுகிறார்கள். சேதுபதி மன்னர்கள் எழுப்பிய இப்பிராகாரம் 18-ஆம் நூற்றாண்டில் நிறைவெய்தியது. மலைப்பிள்ளைகள் கல்லை அறிந்தவர்கள். மணலும் பவளப்பாறையுமான இத்தீவுக்கு இத்தனை கருங்கல் எங்கிருந்து வந்தது என்று அவர்களே கேட்பார்கள். பாலம் என்பதே இல்லாத காலத்தில் கடல் கடந்துதான் வந்திருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்ட பிறகு, அந்தத் தூண்களை அவர்கள் பார்க்கும் பார்வையே வேறு. மாலையில் சுமார் 3 கிலோமீட்டர் நடந்து கந்தமாதன பர்வதத்துக்குப் போகலாம். பர்வதம் என்று பெயர் சொல்லி அழைத்துப்போனால் சித்தேரிப் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். அது ஒரு மணல்மேடு. அதன்மேல் ராமர் பாதம் உள்ள ஒரு மண்டபம். ஆனால் மேலே ஏறி நின்று நான்கு புறமும் நோக்கியதும் சிரிப்பு அடங்கிவிடும். தீவு என்றால் என்ன என்பதை அந்த மேடு ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுகிறது.

ஊருக்குள் இன்னொரு வீடு உண்டு. 1931-இல் பிறந்து, பின்னாளில் நாட்டின் ஜனாதிபதியாக விளங்கிய அப்துல் கலாம் அவர்களின் வீடு. அவருடைய தந்தையார் யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்லப் படகு கட்டியவர். அப்படகு ஒரு புயலில் போயிற்று. யுத்த காலத்தில் ராமேசுவரத்தில் ரயில் நிற்காமற் போகவே, ஓடும் ரயிலிலிருந்து எறியப்பட்ட பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கி எடுத்தவர் சிறுவர் கலாம். பறவை பறப்பது எவ்வாறு என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கிய சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர், அது போதாதென்று வகுப்பையே கடற்கரைக்கு அழைத்துச் சென்று பறவைகளைக் காட்டினார் என்றும், தம் வாழ்க்கையின் திசை அன்றே தீர்மானமாயிற்று என்றும் கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். கடற்கரையிலேயே பிறந்த குழந்தைக்கும் கடற்கரையைக் காட்ட ஓர் ஆசிரியர் தேவைப்பட்டார் என்றால், மலையில் பிறந்த குழந்தையைப்பற்றிச் சொல்ல வேண்டுமா?

இரண்டாம் நாள் தனுஷ்கோடி. அரசாங்கப் பஸ்ஸிலே விடியற்காலையில் கிளம்புவது உத்தமம். மாலையில் இருட்டுமுன் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சாலை இருபுறமும் கடலைப் பிடித்துக்கொண்டே போகும். வடபுறத்துக் கடலைப் பெண் கடல் என்றும், தென்புறத்து மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் அவ்வூரார் அழைக்கிறார்கள். அரிச்சல்முனை வரையில் தார்ச்சாலை திறந்தது 2017-இல்தான். அதற்குமுன் மணலிலே தத்தித் தத்திச் செல்லும் வேன்களைத் தவிர வேறு வாகனமில்லை. இப்பொழுது வண்டிகள் நேரே முனைக்குப் பறக்கின்றன. இறங்கிப் படம் பிடித்துக்கொண்டு பறந்தே திரும்புகின்றன. நடுவழியில் இருப்பதைப் பார்ப்பாரில்லை.

நடுவழியில் ஓர் ஊர் இருந்தது. 1914 முதல் சென்னையில் சீட்டு வாங்கியவர், ரயிலில் தனுஷ்கோடி வந்து, நீராவிக் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, மறுபடியும் ரயிலில் கொழும்புக்குப் போகலாம். போட் மெயில் என்று அதற்குப் பெயர். ரயில் நிலையம், தபாலாபீசு, மாதாகோயில், கடைத்தெரு எல்லாம் அவ்வூரில் இருந்தன. உல்லாசமாகப் போனவர்கள் கொஞ்சம் பேர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வயிற்றுப்பாட்டுக்குப் போனவர்களே மிகுதி. மண்டபத்திலே முகாமில் தங்க வைத்து, நோயில்லை என்று பார்த்து அவர்களை அனுப்பினார்கள். திருச்சி, மதுரை ஜில்லாக்களைப் போலவே சேலம் ஜில்லாவிலிருந்தும் ஜனங்கள் அவ்வழியே போனார்கள். தர்மபுரி அக்காலத்தில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. 1965-இல்தான் தனி ஜில்லாவாயிற்று. ஆகவே, "நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கும் நம் ஜில்லாக்காரர்களுக்குத் தனுஷ்கோடி மணலிலேயே விடை இருக்கிறது.

1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் அந்த ஊர் முடிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயில், உள்ளே இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு அலையில் மறைந்தது. குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. பவளக் கல்லால் கட்டிய மாதாகோயில் சுவர்களும் ரயில் நிலையத்தின் இடிபாடுகளும் இன்றும் நிற்கின்றன. இதைப் பேய் நகரம் என்று விளம்பரம் செய்கிறார்களே, அதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். செம்படவக் குடும்பங்கள் இன்றும் அங்கே குடிசை போட்டுக்கொண்டு வலை வீசுகிறார்கள். மணலில் கையால் பள்ளம் பறித்து நன்னீர் எடுக்கிறார்கள். முதல் நாள் கோயிலில் கேட்ட கேள்விக்கு இங்கே கண்ணெதிரே செய்முறை விளக்கம் கிடைக்கிறது. அவர்களிடம் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்து, இரண்டு வார்த்தை பேசி வாருங்கள். முனையில் கடலில் இறங்க வேண்டாம். அங்கே நீரோட்டம் பொல்லாதது.

மூன்றாம் நாள் பாம்பன். டவுன் பஸ்ஸில் போய், சாலைப் பாலத்தின் நடைபாதையில் நின்று கடலைப் பார்க்க வேண்டும். இந்தச் சாலைப் பாலம் திறந்தது 1988-இல். அதற்குமுன் 74 வருஷகாலம் ரயில் பாலம் ஒன்றே தீவின் உயிர்நாடி. 1914-இல் திறந்த அந்தப் பழைய பாலத்தின் நடுப்பகுதி, கப்பல் வரும்போது இரு கதவுகள்போல் தூக்கிக்கொள்ளும். தொழிலாளிகள் கையால் நெம்பித் திறப்பார்கள். 1964 புயலில் பாலத்தின் உத்தரங்களில் பெரும்பாலானவை கடலில் விழுந்தன. ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்சினீயரிடம் பழுது பார்க்கும் வேலை ஒப்படைக்கப்பட்டது. கடலடியில் கிடந்த உத்தரங்கள் இருக்குமிடத்தை மீனவர்கள் காட்டிக்கொடுத்தார்கள். அவற்றை மீட்டுப் பூட்டி, 46 நாளில் பாலத்தை மறுபடியும் நிறுத்தினார் அவர். படித்தவரின் கணக்கும் படியாதவரின் கண்ணும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் ஓடுவது நின்றது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய பாலத்தில், 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயருகிறது. கப்பல் கடக்கும் வேளை வாய்க்குமானால் மற்றக் காட்சிகளையெல்லாம் மறந்து அங்கேயே நின்றுவிடுங்கள். அருகிலுள்ள குந்துகால், 1897 ஜனவரி 26-ஆம் தேதி சுவாமி விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பி வந்து, பாஸ்கர சேதுபதி மன்னர் வரவேற்கக் கரையிறங்கிய இடம். அதையும் பார்த்துக்கொண்டு மாலை ரயிலுக்குத் திரும்பலாம்.

இனிச் சில யோசனைகள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் புயலுக்கும் உரிய மாதங்கள். தை, மாசி நல்ல காலம். தை அமாவாசையும் ஆடி அமாவாசையும் பக்தர்களுக்கு உகந்தவை. குழந்தைகளோடு ஊர் சுற்றுகிறவர்கள் அந்நாட்களை விட்டுவிடுவது நலம். கோடை விடுமுறையில்தான் போக முடியும் என்பவர்கள் காலையும் மாலையும் சுற்றி, நடுப்பகலைச் சத்திரத்தில் கழிக்கட்டும். அக்கினி தீர்த்தத்தில் நனைந்த துணிகளைக் கடலிலேயே விட்டுவருவது புண்ணியமாகாது; மீனவரின் வலையில் சிக்குவது நம்முடைய பாவமல்ல, நம்முடைய பழந்துணி. மிதக்கும் கல் என்று எவர் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். பவளப்பாறையைப் பெயர்ப்பது சட்டப்படி குற்றம் என்பதோடு, அலையிலிருந்து கரையைக் காக்கும் மதிலை நாமே இடிப்பதுமாகும்.

இவ்வளவும் செய்து திரும்பும் குழந்தை என்ன கொண்டுவரும்? நன்னீர் எங்கே நிற்கிறது என்ற அறிவு. கல்லும் ரயிலும் கடலைக் கடந்த கதை. நம்முடைய ஜில்லாவின் ஏழைகள் எவ்வழியே பிழைக்கப் போனார்கள் என்ற நினைவு. விழுந்த பாலத்தை 46 நாளில் நிறுத்திய கைகளின்மேல் மரியாதை. ஒரு மூட்டை அரிசி ஒரு மாதத்தில் தீர்ந்துபோகும். இது தீராது. ஆயினும், அரிசியை விட்டுத்தான் இதைப் பெற வேண்டும் என்ற நிலையில் எந்தக் குடும்பத்தையும் வைப்பது நியாயமல்ல. வசதி படைத்த நேயர்கள் தங்கள் வீட்டுக் குழந்தைகளோடு அக்கம்பக்கத்துக் குழந்தை ஒன்றையும் அழைத்துச் செல்வார்களானால் ரயில் கட்டணம் சிறிதே கூடும். பாலத்தின்மேல் வண்டி ஊரும்போது ஜன்னலோரத்தில் உட்கார ஒருவர் அதிகம், அவ்வளவே.