ஆய்வாளருக்குப் பயிற்சி தேவைதான். ஆனால் இடர் யார் தலையில்?

பல்கலைக்கழகங்களில் அண்மைக் காலமாக ஒரு புதுவகைப் பயிற்சி பெருகிவருகிறது. ஆய்வுக்கு நிதி திரட்டுவது எப்படி, நிதி தந்தவரின் விதிமுறைகளுக்கு உட்பட்டுக் கணக்கு ஒப்படைப்பது எப்படி, ஆய்வின்போது நேரக்கூடிய இடர்களை முன்னறிந்து சமாளிப்பது எப்படி என்று முனைவர் பட்ட மாணவர்களுக்கும் இளம் ஆசிரியர்களுக்கும் கற்றுத்தரப்படுகிறது. ஆய்வு மேலாண்மையைத் தனித் தொழிலாகவே வளர்ப்பதற்கு மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் இணைந்து நடத்தும் இந்தியா அலையன்ஸ் 2018இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மறு ஆண்டே, ஆய்வு மற்றும் வெளியீட்டு அறம் குறித்த இரண்டு கிரெடிட் பாடத்தை முனைவர் பட்ட மாணவர் அனைவருக்கும் பல்கலைக்கழக மானியக் குழு கட்டாயமாக்கியது.

இதெல்லாம் கார்ப்பரேட் மொழி, நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கும் தோழர்கள் மாணவர் அரங்கிலும் ஆசிரியர் அரங்கிலும் இருக்கிறார்கள். நாம் அவ்வாறு கருதவில்லை. கணக்கும் விதியும் பாதுகாப்பும் தொழிலாளி வர்க்கத்துக்கு அந்நியமானவை அல்ல. பாதுகாப்பு விதிகளில் பெரும்பாலானவை நமது வர்க்கம் உயிரைக் கொடுத்துப் பெற்றவை. அவற்றை யார் எழுதுகிறார், யாருக்காக எழுதுகிறார், மீறப்பட்டால் சாவது யார் என்பவைதான் நாம் கேட்க வேண்டிய கேள்விகள்.

டெல்லி மாயாபுரியில் 2010 ஏப்ரலில் நடந்ததை நினைவுகூர்வோம். டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் கோபால்ட்-60 கதிரியக்க மூலத்தைக் கொண்ட ஆய்வுக் கருவி ஒன்று 1985 முதல் பயனற்றுக் கிடந்தது. கதிரியக்கப் பொருளை அப்புறப்படுத்துவதற்கான விதிகள் அப்போதே இருந்தன. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமும் இருந்தது. ஆனால் 2010 பிப்ரவரியில் அந்தக் கருவி பழைய இரும்போடு இரும்பாக ஏலத்தில் விற்கப்பட்டது. மாயாபுரிக் காயலான் கடையில் அதைப் பிரித்துப்போட்ட தொழிலாளர்களுக்கு அது என்னவென்றே தெரியாது. ஒருவர் இறந்தார், மேலும் பலர் கடுமையான கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். ஒரு பல்கலைக்கழகம் தனது பதிவேட்டைச் சரிபார்க்கத் தவறியதற்கு விலை கொடுத்தவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூட மிதித்திராத ஒரு கூலித் தொழிலாளி. விதிமுறை இணக்கம் என்பதை வெறும் காகித வேலை என்று சொல்வோர் இந்தச் சாவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2018 டிசம்பர் 5 அன்று அதிர்வலை ஆய்வுக்கூடத்தில் வாயு உருளை வெடித்து ஓர் இளம் ஆய்வாளர் உயிரிழந்தார், மூவர் படுகாயமுற்றனர். அவர்கள் அக்கழகத்தின் வளாகத்துக்குள் இயங்கிய ஒரு தொடக்கநிலை நிறுவனத்துக்காகப் பணியாற்றியவர்கள். கூடம் பொது நிறுவனத்துடையது, வேலை தனியார் நிறுவனத்துடையது, உயிர் ஆய்வாளருடையது. இடர் மேலாண்மைப் பாடம் தொடங்க வேண்டிய இடம் இதுதான். ஆனால் இன்று நடைபெறும் பயிலரங்குகளில் ‘இடர்’ என்றால் பெரும்பாலும் நிறுவனத்தின் நற்பெயருக்கு வரும் இடர், நிதி தடைபடும் இடர் என்றே பொருள்கொள்ளப்படுகிறது.

இந்த விஷயத்தைக் கோலார் தங்கவயலிலிருந்து பார்ப்பதற்குக் காரணம் உண்டு. வடஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற தமிழ் தலித் உழைப்பாளிகள் தோண்டிய அந்தச் சுரங்கம் உலக இயற்பியலின் ஆய்வுக்கூடங்களில் ஒன்றாகவும் விளங்கியது என்பதை நம் இளந்தோழர்களில் பலர் அறியமாட்டார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பி. வி. ஸ்ரீகண்டன் 1951இல் அங்கு காஸ்மிக் கதிர் அளவீடுகளைத் தொடங்கினார். 1965இல் சாம்பியன் ரீப் சுரங்கத்தில், தரைக்குக் கீழே சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தை முதன்முதலில் பதிவு செய்தன. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றில் இதே தேடலில் இருந்த அமெரிக்கக் குழுவின் அறிக்கையும் அதே மாதத்தில் வெளிவந்தது. நமது அறிக்கை சில நாள் முந்திக்கொண்டது. 1980இல் புரோட்டான் சிதைவைத் தேடும் சோதனையும் அங்கேயே தொடங்கியது.

அந்த ஆழத்துக்குக் கருவிகளை இறக்கியவர்கள், கூண்டை இயக்கியவர்கள், நீரை இறைத்து வெளியேற்றியவர்கள், காற்றோட்டத்தைப் பராமரித்தவர்கள் எல்லாரும் சுரங்கத் தொழிலாளர்களே. பாறை தானாக வெடிக்கும் ‘ராக் பர்ஸ்ட்’ எந்த நேரமும் நேரலாம் என்பதை அறிந்து இறங்கியவர்கள் அவர்கள். இடர் மேலாண்மை குறித்து உலகின் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் பாடம் நடத்தக்கூடிய அனுபவம் மாரிகுப்பத்தின் லைன் வீடுகளில் இருந்தது. ராக் பர்ஸ்ட் ஆய்வின் அந்த மரபிலிருந்துதான் 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலிலேயே பிறந்தது. பின்னர் அதுவும் பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய ஒன்று ஜப்பானின் கமியோகா. அதுவும் ஒரு சுரங்கமே. அங்கும் புரோட்டான் சிதைவைத் தேடித்தான் 1983இல் கருவி அமைத்தார்கள். தங்கவயலில் தொடங்கி மூன்றாண்டுகள் கழித்து. அவர்களும் தேடியதைக் காணவில்லை. ஆனால் பொதுநிதி நிற்கவில்லை, கருவி பெரிதாயிற்று, 2002இலும் 2015இலும் நியூட்ரினோ ஆய்வுக்காக நோபல் பரிசுகள் அங்கு சென்றன. தங்கவயலிலோ, தங்கம் எடுப்பது நட்டம் என்ற கணக்கில் சுரங்கப் பணிகள் சுருக்கப்பட்டன. 1992இல் சோதனை முடிவுக்கு வந்தது. 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமே மூடப்பட்டது. பம்புகள் நின்றன, சுரங்கத்தில் நீர் ஏறியது. ஓர் ஆய்வுத் திட்டத்துக்கு நேரக்கூடிய ஆகப்பெரிய இடர் அரசின் கொள்கை என்பதை எந்தப் பயிற்சிக் கையேடும் எழுதாது.

அந்த ஆய்வின் வாரிசாகத் தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்தின் கதையும் இங்கு பொருத்தமானது. சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைத் தயாரித்த நிறுவனம் அதற்குரிய அங்கீகாரம் பெற்றதல்ல, மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்ற காரணங்களால் 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்தது. திட்டம் தேவையா, வேண்டாமா என்பதில் இடதுசாரி வட்டத்திலேயே கருத்து வேறுபாடு உண்டு. அதனை இங்கே தீர்த்துவைக்க நாம் முனையவில்லை. ஆனால் உலகத்தரம் வாய்ந்த அறிவியலாளர்கள் ஒரு மாவட்டத்து விவசாயிகளிடம் பேசுவதற்கு முன்பே கோப்புகளை நகர்த்திவிட்டார்கள், அந்தக் கோப்பும் சரியாக இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மக்களின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிய மேட்டிமைக்கு எந்தப் பயிலரங்கில் மருந்து இருக்கிறது?

நிதிக்கு வருவோம். இந்தியா தனது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆய்வுக்குச் செலவிடுவது சுமார் 0.64 விழுக்காடு. சீனா 2 விழுக்காட்டுக்கு மேல் செலவிடுகிறது, தென்கொரியா 4 விழுக்காட்டுக்கு மேல். இந்த நிலையில் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ‘அனுசந்தான்’ தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை அமைக்கப்பட்டது. ஐந்தாண்டுக்கு 50,000 கோடி ரூபாய் என்று முழங்கினார்கள். அதில் 36,000 கோடி அரசின் நிதிநிலை அறிக்கைக்கு வெளியே, தனியாரிடமிருந்தும் பொதுத்துறை நிறுவனங்களிடமிருந்தும் கொடையாளர்களிடமிருந்தும் வர வேண்டியது. அறக்கட்டளையின் ஆட்சிக்குழுத் தலைவர் பிரதமர். 2025 ஜூலையிலோ தனியார் துறையின் ஆய்வுக்குக் குறைந்த வட்டியிலும் வட்டியின்றியும் கடன் தர ஒரு லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. கல்லூரி ஆய்வாளரிடம் ‘நிதி திரட்டக் கற்றுக்கொள்’ என்கிறார்கள், முதலாளிக்கு நிதியைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

விதிமுறை என்ற பெயரில் நடக்கும் கூத்துகளும் கொஞ்சநஞ்சமல்ல. ஆய்வு மானியத்துக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி என்று கூறி, டெல்லி ஐஐடிக்கு 2024இல் 120 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் போனது. அரசு தந்த பணத்துக்கு அரசே வரி கேட்டது. எதிர்ப்பு எழுந்தபின் அந்த ஆண்டு செப்டம்பர் 9இல் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் விலக்களித்தது. ஆய்வுக் கருவிகளையும் அரசின் ஜெம் இணையச் சந்தையில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் பல ஆண்டுகள் ஆய்வாளர்களைப் படுத்திய பிறகு 2025 ஜூனில்தான் தளர்த்தப்பட்டது. நிதியாண்டின் கடைசியில் பணத்தை அனுப்பிவிட்டு மார்ச் 31க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடு என்பது வாடிக்கை. உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமானால் ஆய்வு மாணவர் யாரிடம் சான்றிதழ் கேட்பது? பெற்றோரிடம் பணம் கேட்க வழியுள்ளவர் தாக்குப்பிடிப்பார், தங்கவயலிலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வந்த மாணவியால் முடியாது. தகுதி என்ற பேச்சுக்கு அடியில் இருக்கும் சாதியும் வர்க்கமும் இப்படித்தான் வேலை செய்கின்றன. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் 2024 ஜூனில் கொடையாளர் நிதி தொடரவில்லை என்று சொல்லி நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் பணிநீக்கக் கடிதம் கொடுத்தார்கள். எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெற்றார்கள். கொடையை நம்பிய ஆய்வின் இடர் இதுவே.

இணக்கம் என்ற சொல்லைத் தங்கவயல் வேறொரு வகையிலும் அறியும். 1930இல் தொழிலாளர் ஒவ்வொருவரும் பதிவு செய்துகொண்டு கைரேகை பதிக்க வேண்டும் என்று ஆங்கிலேயக் கம்பெனிகள் விதி கொண்டுவந்தபோது, சங்கம்கூட இல்லாத அந்த மக்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். பாதுகாக்கும் விதிக்கும் குற்றவாளியாக்கும் விதிக்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்கு யாரும் பயிலரங்கு நடத்தாமலே புரிந்திருந்தது. இன்று வெளிநாட்டு நிதிச் சட்டத்தைக் காட்டி, அரசுக்குப் பிடிக்காத கேள்வி கேட்கும் ஆய்வு நிறுவனங்களின் உரிமம் பறிக்கப்படுகிறது. டெல்லியின் கொள்கை ஆய்வு மையத்துக்கு 2024 ஜனவரியில் அதுவே நேர்ந்தது. இதுவும் ‘இணக்கம்’ என்ற தலைப்பின் கீழேதான் வருகிறது.

இப்போது தங்கவயலில் ஒரு புதிய கட்டம். சுரங்கம் கக்கிய கழிவு பதின்மூன்று சயனைடு மேடுகளாக நகரின் நடுவே நிற்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூள் வீட்டுக்குள்ளும் சோற்றுத் தட்டிலும் வந்து விழும். சுமார் ஆயிரம் ஏக்கர் பரப்பிலான இந்த மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. வேலை வரும் என்று மக்கள் நம்புகிறார்கள். விடியலில் மாரிகுப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் உழைத்து, இரவில் திரும்பும் ஆயிரக்கணக்கானோரின் ஊரில் அந்த நம்பிக்கையை யாரும் ஏளனம் செய்ய முடியாது. ஆனால் மேட்டைக் கிளறினால் தூள் எவ்வளவு பறக்கும், நிலத்தடி நீரில் என்ன கலக்கும், பழைய தொழிலாளர்களின் நுரையீரலில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதை யாராவது ஆய்ந்து சொல்ல வேண்டும். 1940களில் தங்கவயல் தொழிலாளர் 7,653 பேரைப் பரிசோதித்த மருத்துவ ஆய்வு, பத்தில் நான்கு பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருந்ததைக் கண்டது. அத்தகைய உண்மையை இன்று ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டுபிடித்தால், நிதி கொடுத்த சுரங்க நிறுவனத்தின் அனுமதியின்றி வெளியிட முடியுமா? ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி, ‘முடிவுகள் நிதி வழங்குநரின் உடைமை’ என்றிருந்தால் போதும். மேட்டின் தூளும் மறைந்துவிடும், நுரையீரலும் மறைந்துவிடும்.

ஆகவே இந்தப் பயிற்சிகளை நாம் புறக்கணிக்கக் கூடாது. உள்ளே சென்று பாடத்திட்டத்துக்காகப் போராட வேண்டும். ஒப்பந்தத்தைப் படிக்கவும், வெளியீட்டு உரிமையை விட்டுக்கொடுக்காமல் பேரம் பேசவும் ஆய்வாளருக்குக் கற்றுத்தர வேண்டும். கணக்கு எழுதும் வேலையை ஆய்வு மாணவர் தலையில் கட்டாமல், ஒப்பந்த முறையில் அல்லாமல் நிரந்தரப் பணியிடங்களில் அலுவலர்களை நியமிக்க வேண்டும். ஆய்வுக்கூட விபத்துக்கு இழப்பீடும் மருத்துவக் காப்பீடும், உதவித்தொகை பெறும் மாணவருக்கும் அங்கு துப்புரவு செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சமமாகச் சேர வேண்டும். சுரங்க விதிகள் பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு இடம் தந்தன. தொழிலாளர் தரப்பிலிருந்தே ஆய்வு செய்ய ஒருவரை நியமிக்கவும் வழி செய்தன. பணியிடப் பாதுகாப்பு குறித்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் சுரங்கச் சட்டத்தையே விழுங்கிவிட்ட இந்நாளில், அந்த உரிமையைச் சுரங்கத்தில் காக்கவும் ஆய்வுக்கூடத்துக்கு விரிவுபடுத்தவும் ஒருசேரக் கோர வேண்டியுள்ளது.

சயனைடு மேடுகளைப் பொறுத்தவரை, முதல் லாரி மண் அள்ளப்படுவதற்கு முன் காற்று, நீர், உடல்நலம் குறித்த அடிப்படை ஆய்வு பொதுநிதியில் நடந்தாக வேண்டும். அதைக் கோலாரிலேயே உள்ள பெங்களூரு வடக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கலாம். கண்காணிப்புக் குழுவில் முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களும் தங்கவயல் பெண்களும் இடம்பெற வேண்டும். ஒவ்வொரு மாத அளவீடும் தமிழிலும் கன்னடத்திலும் அச்சாகி, ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டைக் கடைவீதிகளிலும் மாரிகுப்பம் ரயில் நிலையத்திலும் ஒட்டப்பட வேண்டும். தங்கவயல், பெங்களூருத் தோழர்கள் இக்கோரிக்கைகளை மனுவாக்கி, வீடு வீடாகக் கையெழுத்துப் பெறும் பணியை இப்போதே தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.